ஆளுக்கொரு பில்லை

போன மாதம் எங்கள் பழைய மில்லிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள் என்னைத் தேடி வந்தார்கள். நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு மிஷினுக்கு ஒரு மோட்டார் வைத்துக் கரண்டில் ஓட்டப் போகிறார்களாம். அதையொட்டி மில் மலர் ஒன்று போடுகிறார்கள். நெடுங்காலம் இன்ஜின் ஓட்டியவன் என்பதால் நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பேச்சுவாக்கில் ஒருவர், "அந்த இன்ஜின் ரொம்ப டேஞ்சராமே சார், கை கால் எல்லாம் எடுத்திருக்காமே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இன்ஜின் என்ன பாவம் செய்தது? நான் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வந்தவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன் என்று வீட்டில் திட்டு விழுந்தது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேப்பர் படித்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எழுந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறேன், வந்ததும் எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கை போனது உண்மை. ஆனால் எடுத்தது இன்ஜின் இல்லை. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதி முடித்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் வேலை கற்ற கதையை நீட்டப் போவதில்லை. எங்கள் குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து வந்து ஒக்கலிபுரத்தில் குடியேறியது. நான் பாய்லருக்குக் கரி அள்ளப் போனேன், பிறகு எண்ணெய் விட்டேன், பிறகு பரீட்சை எழுதி டிரைவர் ஆனேன். அதற்குள் பத்து வருஷமும் பாதிப் புருவமும் போயிருந்தன. அவ்வளவுதான்.

இன்ஜின் ஓடிய விதத்தை மட்டும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மில் முழுவதற்கும் ஒரே இன்ஜின். அதிலிருந்து கனத்த கயிறுகள் வழியாக ஒவ்வொரு கொட்டகைக்கும் ஓட்டம் போகும். கொட்டகையில் கூரையை ஒட்டி நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதை ஷாஃப்ட் என்போம். ஷாஃப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கிக் கீழே மிஷின்களை ஓட்டும். நான் ஸ்டீமைத் திறந்தால் மில்லில் உள்ள அத்தனை ஷாஃப்டும் ஒரே நேரத்தில் திரும்பும். நான் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கொட்டகையும் கண்ணுக்குத் தெரியாது. யார் தலைக்கு மேலே என்ன சுற்றப் போகிறது என்பதைப் பார்க்காமலேயே திறக்கிற வேலை அது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்துவோம். ஜனங்கள் சாப்பிடப் போகிற அந்த நேரத்தில்தான் பெல்ட்காரர்களும் எண்ணெய்க்காரர்களும் ஏணி வைத்து ஷாஃப்டுக்கு ஏறுவார்கள். அறுந்த பெல்ட்டைத் தோல்வாரால் தைப்பார்கள், தாங்கிகளுக்கு எண்ணெய் விடுவார்கள். அவர்களில் கடைசி ஆள் இறங்குவதற்குள் நான் வால்வைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதற்காகத்தான் பழைய வெள்ளைக்கார இன்ஜினியர் துரை ஒரு பலகை வைத்திருந்தார். என் அறை வாசலில் இருந்த தேக்குப் பலகை, அதில் வரிசையாக ஆணிகள். மில்லில் நிரந்தர ஆள் ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை உண்டு. காலையில் கேட்டில் அதைக் காட்டித்தான் ஹாஜர் போடுவார்கள். மேலே ஏறுகிறவர் முதலில் என் வாசலுக்கு வந்து தன் பில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். இறங்கியதும் அவரே வந்து எடுக்க வேண்டும். மாட்டிய கைதான் எடுக்கலாம். ஒரே ஒரு பில்லை தொங்கினாலும் நான் வால்வுக்குக் கிட்டே போகக் கூடாது. சங்கு ஊதியிருந்தாலும் சரி, மானேஜரே வந்து நின்றாலும் சரி. ஒரு தடவை ஒருவர், கூட்டாளி கை கழுவிக்கொண்டிருக்கிறாரே என்று உதவியாக அவருடைய பில்லையையும் சேர்த்து எடுத்துவிட்டார். துரை இரண்டு பேரையும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார். ரொம்ப அநியாயம் என்று மில்லே பேசிக்கொண்டது. நானும் பேசினேன்.

பேசியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பலகை எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. இறங்கியவர்கள் பில்லையை எடுக்க மறந்து போய்விடுவார்கள். ஒரு நாள் எண்ணெய்க்காரர் காதர் பாய் பில்லையைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே புகையிலை வாங்கப் போய், அங்கே யாரிடமோ வழக்குப் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். மில் மொத்தமும் வேலைக்குத் தயாராகக் காத்திருந்தது. ஒவ்வொரு கொட்டகை மேஸ்திரியும் என் வாசலுக்கு வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். காதர் பாய் ஒருவழியாக வந்து, "ஸ்வல்ப லேட் ஆயிடுச்சு டிரைவரண்ணே, மாஃப் பண்ணுங்க" என்று சிரித்தபோது அவரை பாய்லருக்குள் தள்ளலாமா என்று இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் உதவி இன்ஜினியராக லோகநாதன் வந்தார். மதராசில் படித்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். துரைமார்கள் எங்களை "ஏய்" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். நம் ஆட்களில் மேலே போனவர்கள் அதைவிட மோசம். லோகநாதன் ஒருவர்தான் கரி அள்ளுகிறவரைக்கூட "வாங்க" என்றார். கேள்வி கேட்டால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, பதில் வரும் வரைக்கும் காத்திருப்பார். நாம் திக்கினாலும் இடையில் எடுத்துக்கொடுக்க மாட்டார். கேட்டதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு "தேங்க்ஸ், டிரைவர்" என்பார். பிடிக்காத விஷயம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே நாங்கள் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவோம்.

ஒரு நாள் என் அறையில் கவிழ்த்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, "உங்களுக்கு எதுல டைம் வேஸ்ட் ஆகுது, சொல்லுங்க" என்றார். அதுவரை ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டேன். பில்லை, ஆணி, காதர் பாய், புகையிலை எல்லாவற்றையும். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தார். இனி ஆளுக்கொரு பில்லை கிடையாது. மேலே ஏறுகிற ஆட்கள் மூன்று கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஸ்திரி. கூட்டத்துக்கு ஒரு சிவப்புக் கட்டை. மேஸ்திரி தன் கட்டையைப் பலகையில் மாட்டுவார். வேலை முடிந்ததும் கொட்டகையில் நின்று பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். எல்லாரும் குரல் கொடுத்த பிறகு வந்து கட்டையை எடுப்பார். மூன்று கட்டையும் போனதும் சங்கு, உடனே ஸ்டீம். முன்பு சங்குக்கும் ஸ்டீமுக்கும் நடுவே கொஞ்சம் விட்டுப் பிடிப்போம், அந்த இடைவெளியும் இனி வேண்டாம். எல்லாவற்றையும் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, "இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா, டிரைவர்?" என்று கேட்டார். தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

எனக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் காரணம் இல்லாமல் இழுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். அவர் "தேங்க்ஸ்" என்றார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பல மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மத்தியானம் சொன்ன நேரத்துக்கு மில் ஓடியது. மேஸ்திரிகளுக்குப் பெருமை, எனக்கு நிம்மதி. பலகையில் காலியாகிப்போன ஆணிகளில் நான் என் சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் மாட்டிக்கொண்டேன்.

ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது சொல்கிறேன். எங்கள் மில்லில் பதிலி என்று ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வர முடியாதவர் தன் பில்லையைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புவார். வந்தவர் அந்தப் பில்லையைக் காட்டி, அந்தப் பேரில் வேலை செய்துவிட்டுப் போவார். ஆபீசுக்குத் தெரியாது, தெரிந்தால் இருவருக்கும் வேலை கிடையாது. மேஸ்திரிக்குத் தெரியும், மில் ஜனம் அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் லீவு கிடைக்காத இடத்தில் மனுஷர் வேறு என்ன செய்வார்? பழைய பலகைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஏறுகிறவர் சொந்த ஆளோ பதிலியோ, கையில் இருக்கிற பில்லையை மாட்டுவார், அவரே இறங்கி வந்து எடுப்பார். பலகைக்குப் பேர் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். புது ரூலுக்குப் பேர்தான் தெரிந்தது.

ராமையா மேஸ்திரியின் கூட்டத்தில் முனுசாமி என்று ஒரு பெல்ட்காரர். என்னைப் போல ஒக்கலிபுரம்தான். மூன்று பெண் குழந்தைகள். அன்றைக்குக் காலையில் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அதனால் பில்லையைச் சின்னப்பனிடம் கொடுத்திருந்தார். சின்னப்பன் ஜீவனஹள்ளிக்காரர், நாற்பது வயது இருக்கும். வேறொரு மில்லில் பெல்ட் வேலை செய்து, அது ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். எங்கள் மில்லில் நிரந்தரம் ஆகிவிடலாம் என்ற ஆசையில் இரண்டு வருஷமாகப் பதிலிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் தைத்த பெல்ட் தனியாகத் தெரியும், தையல் அவ்வளவு நெருக்கமாக இருக்கும்.

மத்தியானம் சின்னப்பன் கொட்டகையின் கடைசிக் கோடியில் ஏணி மேல் இருந்தார். பெல்ட்டில் இரண்டு தையல் பாக்கி. அப்போதுதான் முனுசாமி, சாப்பிட்டுத் திரும்புகிற ஜனத்தோடு ஜனமாக மில்லுக்குள் வந்துவிட்டார். மத்தியானம் கேட்டில் பில்லை பார்ப்பதில்லை, முகம் தெரிந்தால் விட்டுவிடுவார்கள். மீதி நாள் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகை வாசலில் கால் வைத்தார். அதே நேரம் ராமையா பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முனுசாமி!"

தன் பேர் காதில் விழுந்ததும் மனுஷர் என்ன சொல்வார்? "இருக்கேன் மேஸ்திரி!" என்றார் முனுசாமி. பழக்கம். சின்னப்பன் அதற்குள் இறங்கியிருப்பார் என்றும் நினைத்திருக்கிறார். ராமையா தலை நிமிரவில்லை. கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார். பட்டியல் முடிந்தது, என் வாசலுக்கு வந்து கட்டையை எடுத்தார். மற்ற இரண்டு கட்டையும் முன்பே போயிருந்தன. நான் பலகையைப் பார்த்தேன். மூன்று ஆணியும் காலி. சங்கை இழுத்தேன், ஸ்டீமைத் திறந்தேன்.

இன்ஜின் நாலு சுற்றுச் சுற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தச் சொல்லும் கொட்டகை மணி விடாமல் அடித்தது. மூடினேன். மூடினாலும் அத்தனை பெரிய சக்கரம் உடனே நிற்காது, தன் வேகத்தில் இன்னும் சுற்றும். அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நொடியை நான் இன்றைக்கும் தாண்டி வரவில்லை. பிறகு ஓடினேன். சின்னப்பனைக் கீழே இறக்கியிருந்தார்கள். வலது கை தோளுக்குக் கீழே இல்லை. அவர் கத்தவில்லை. பக்கத்தில் முனுசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராமையா பட்டியலை வேட்டி மடிப்பில் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார், அது கீழே விழுந்து விழுந்து போனது. சின்னப்பனையும் முனுசாமியையும் ஒரே இடத்தில் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரசாங்க இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் லோகநாதன் என் அறைக்கு வந்தார். இந்தத் தடவை டின் மேல் உட்காரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த ஆள் எப்படி உள்ள வந்தான்னு தெரியல. நம்ம ரோல்ல பேரே இல்ல. உங்களை ஒண்ணுதான் கேப்பாங்க, ரூலை பாலோ பண்ணீங்களான்னு. நீங்க பண்ணீங்க. தைரியமாச் சொல்லுங்க."

அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பதிலி விஷயம் அவருக்குத் தெரியாது. மில்லில் அது தெரியாதவர்கள் ஆபீசில் இருந்த நாலைந்து பேர்தான், அவர்களிடம் நாங்கள் சொன்னால்தானே தெரியும்? நான் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை மானேஜர் அறையில் நடந்தது. இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் கேட்க, ஹெட் கிளார்க் தமிழில் சொன்னார். ஹாஜர் புத்தகத்தைக் காட்டினார்கள். அதில் அன்றைக்கு முனுசாமி முழு நாள் ஹாஜர். சின்னப்பன் என்று யாரும் இல்லை. ராமையா, "அந்த ஆளு யாருன்னே தெரியாது சாமி. பேரு கூப்ட்டேன், பதிலு வந்துச்சு, கோடு போட்டேன்" என்றார். முனுசாமியை அழைக்கவே இல்லை. அவர்தான் புத்தகத்தில் சரியாக இருந்தாரே, பில்லையும் அவர் கைக்கே திரும்பியிருந்தது. சின்னப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

என் முறை வந்தது.

"மூணு கட்டையும் எடுத்திருந்ததா?"

"ஆமாங்க."

"ரூல்படி நடந்தீங்களா?"

"ஆமாங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. "இல்லைங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பல காரணம் தயார் செய்து வைத்திருந்தேன், மகள் கல்யாணம், முனுசாமி குடும்பம் என்று. எல்லாம் பின்னால் சேர்த்தது. பயந்தேன், அவ்வளவுதான்.

அனுமதி இல்லாமல் மில்லுக்குள் நுழைந்த வெளி ஆள், தன் கவனக் குறைவால் காயப்பட்டார் என்று எழுதி முடித்தார்கள். மில் ஆள் என்றால் நஷ்ட ஈடு உண்டு, ஒரு கையால் செய்யக்கூடிய வேலை எதையாவது கேட்டு வாங்கலாம். வெளி ஆளுக்கு ஒன்றும் கிடையாது. ரூலின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் ஆகிவிட்டது. மறுநாள் மத்தியானமும் மூன்று சிவப்புக் கட்டை தொங்கியது.

என்னால் முடியவில்லை. கட்டைகள் போன பிறகும் வால்வில் கை வைக்க முடியவில்லை. இறங்கி ஓடிப்போய் ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று, "மேல யாரு? மேல யாராவது இருக்கீங்களா?" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்து திறப்பேன். தினமும் இப்படி. மில் ஜனம் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை. லோகநாதன் கேட்டார், "என்ன டிரைவர், லேட் ஆகுதே?" நான் "ஒண்ணுமில்ல சார்" என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

சின்னப்பன் வீடு திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார், வலது பக்கம் சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. அவர் மனைவி ஆரோக்கியமேரி என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கே தெரியுது இவரு அங்க வேலை செஞ்சாருன்னு. மில்லுக்கு மட்டும் தெரியாதா? உங்களுக்குத் தெரியாதாண்ணே? எங்கள இப்படித் தெருவுல வுட்டுட்டீங்களே!"

"நீ சும்மா இரு மேரி" என்றார் சின்னப்பன்.

நான் கேட்கத்தான் போயிருந்தேன், கேட்டேன். "சின்னப்பா, ராமையா பேர் கூப்பிட்டது உனக்குக் கேக்கலியா? சங்கும் ஊதினேனே?"

"கேட்டுச்சுண்ணே."

"அப்ப ஏன் குரல் குடுக்கல?"

"குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள கீழருந்து முனுசாமி இருக்கேன்னாரு. நானும் இருக்கேன்னு கத்தினா ரெண்டு முனுசாமி ஆயிடுமே. கொட்டகை வாசல்ல லோகநாதன் சார் நின்னாரு. முனுசாமிக்கு வேலை போயிருக்கும், மூணு பொண்ணு வச்சிருக்காரு. ஜல்தியா எறங்கிடலாம்னு நெனச்சேன். முன்னெல்லாம் சங்கு ஊதி கொஞ்சம் டைம் வுடுவீங்களேண்ணே." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "இத யாருக்கும் சொல்லாதீங்க. சொல்றதா இருந்தா நான் அங்கயே கத்தியிருப்பேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டது காதில் ஒலிக்க ஒலிக்கவே நேராக ஒக்கலிபுரம் வந்து முனுசாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். லோகநாதனிடம் போயிருக்க வேண்டியவன் நான். போகவில்லை. என் பாரத்தைக் கொண்டுபோய் முனுசாமி தலையில் இறக்கினேன். அதுவரைக்கும் முனுசாமி, சின்னப்பனுக்குப் பேர் கூப்பிட்டது கேட்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். கேட்டும் தனக்காக வாயை மூடிக்கொண்டார் என்று சொன்னதும் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து, "இன்னாண்ணே சொன்னீங்க அவர்கிட்ட?" என்றார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முனுசாமி கொட்டகைக்குப் போகவில்லை. நேராக லோகநாதன் அறைக்குப் போய் மேஜைமேல் தன் பில்லையை வைத்தார். அறைக் கதவு திறந்திருந்தது. இன்ஜின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, பக்கத்து இன்ஜின் அறையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், அன்னிக்குக் காலையில நான் மில்லுக்கு வரல. இந்தப் பில்லையில வேலை செஞ்சது சின்னப்பன். எனக்குப் பதிலியா வந்தவரு. கீழ நின்னு பதில் சொன்னது நான்."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு லோகநாதன் கேட்டார், "இது யார் யாருக்குத் தெரியும்?"

முனுசாமி யார் பேரையும் சொல்லவில்லை. அப்போதுதான் என் கால் நகர்ந்தது. உள்ளே போய் நின்று, "எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"அன்னிக்கே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நான் உங்ககிட்டக் கேட்டேனே டிரைவர்" என்றார். "ஓட்டை இருக்கான்னு கேட்டேன். லேட் ஏன் ஆகுதுன்னு கேட்டேன்." கோபம் இல்லை அந்தக் குரலில். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

லோகநாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூடி மறைக்க எல்லா வழியும் அவருக்கு இருந்தது. பில்லையை முனுசாமியிடம் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும். அவர் அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதினார், ரூலை எழுதியது தான் என்பதையும் அதில் எங்கே பிழை என்பதையும் சேர்த்து. எழுதியதை என்னிடம் படித்தும் காட்டினார். மானேஜர் அவரை மன்னிக்கவில்லை, ஒரு வருஷத்துக்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் போவதற்கு முன்பு ஆணிகள் திரும்பின. பதிலிக்கு வருகிறவர்களையும் ஆபீசில் பேர் எழுதி, அவர்களுக்கென்று தனிப் பில்லை அடித்தார்கள். சங்குக்கும் ஸ்டீமுக்கும் நடுவே பழைய இடைவெளி வந்தது. நான் ஓய்வு பெறும் வரை எங்கள் மில்லில் ஷாஃப்டில் இன்னொருவர் கை போகவில்லை.

விசாரணையை மறுபடி திறந்தார்கள். சின்னப்பன் மில்லில் வேலை செய்தபோது காயப்பட்டவர் என்று எழுதினார்கள். நஷ்ட ஈடு உண்டு என்று ஆயிற்று. பொய் ஹாஜர் போட்டதற்காக முனுசாமிக்கும் ராமையாவுக்கும் வேலை போயிற்று. எனக்கு ஒரு எச்சரிக்கைக் காகிதம் கொடுத்தார்கள். நல்ல டிரைவர் கிடைப்பது கஷ்டமாம்.

உத்தரவு வந்த அன்று மாலை ஜீவனஹள்ளிக்கு ஏறக்குறைய ஓடினேன். நல்ல சேதி சொல்லப் போகிறவன் என்ற நினைப்பு. சின்னப்பன் வாசலில் உட்கார்ந்து இடது கையால் கத்தரிக்காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தார். காயைக் கால் விரலால் பிடித்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், பேர் எழுதியாயிற்று, நஷ்ட ஈடு வரும் என்று. ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டு அழுதார்.

சின்னப்பன் கத்தியைக் கீழே வைத்தார்.

"முனுசாமி?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வேலை போச்சு."

நறுக்கிய துண்டுகளை இடது கையால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப என் கை எதுக்குப் போச்சுண்ணே?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.